குடியா முதலில், மனசா முதலில்?

வீட்டில் ஒருவருக்குக் குடியும் இருக்கிறது, மனசும் சரியில்லை என்றால் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அம்மா ஒரு பக்கம்: "அவனுக்கு மனசு சரியில்லம்மா, அதனாலதான் குடிக்கிறான்." மனைவி எதிர்ப் பக்கம்: "குடிச்சுக் குடிச்சுத்தான் அத்தை, இவருக்குப் புத்தி இப்படி ஆச்சு." நடுவில் மச்சான் வந்து, "எல்லாம் கொழுப்பு, நாலு சாத்து சாத்தினா சரியாப் போயிடும்" என்று மூன்றாவது கட்சி ஆரம்பிப்பார். கடைசியில் வழக்கு மனநல மருத்துவரிடம் போகும். "எதனால எது வந்துச்சு டாக்டர், நீங்களே சொல்லுங்க."

அவர் சட்டென்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். சொன்னால் நீங்கள்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். டீயைச் சூடாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள், இது கொஞ்சம் நீளும்.

ஒரு டூவீலர் மெக்கானிக் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. வேலை சுத்தம், ஆனால் சின்ன வயதிலிருந்தே பதற்றக்காரர். கஸ்டமர் குரலை உயர்த்தினால் உள்ளங்கை வியர்க்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவோம் என்று தோன்றி, பாதியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். இ.சி.ஜி. நார்மல். "கேஸ் டிரபிள்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பதற்ற நோய் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு நண்பர் கட்டிங் போடக் கூப்பிடுகிறார். அரை மணி நேரத்தில் இறுகிக் கிடந்த தோள் தளர்கிறது, பேச்சு வருகிறது, சிரிப்புகூட வருகிறது. இத்தனை வருஷமாகத் தேடிய மருந்து இதுதான் என்று அவருக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985இல் இதைத்தான் ஒரு கோட்பாடாக எழுதினார். போதைக்குப் போகிறவர்களில் பலர் சுகத்தைத் தேடிப் போகவில்லை, தாங்க முடியாத ஏதோ ஒரு வேதனைக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். அம்மா கட்சிக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் கதை இங்கே நிற்பதில்லை. அன்றைய ராத்திரி என்ன நடக்கிறது என்று பார்த்தால் மனைவி கட்சிக்கும் ஆதாரம் கிடைத்துவிடும்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஈரலால் மணிக்கு ஏறத்தாழ 30 மில்லி சரக்கைத்தான், அதாவது ஒரு சின்ன பெக்கைத்தான், உடைத்துத் தள்ள முடியும். ராத்திரி 9 மணிக்கு ஒரு முழுக் குவார்ட்டரை முடித்தவரின் உடம்பிலிருந்து அது வெளியேற விடியற்காலை 3 மணிக்கு மேலாகிவிடும். படுத்தவுடன் தூக்கம் வருவது உண்மை. ஆனால் தூக்கத்தின் முதல் பாதியில் கனவுத் தூக்கத்தைச் சாராயம் அமுக்கி வைத்திருக்கும். பின்பாதியில் அது இறங்க இறங்கத் தூக்கம் துண்டு துண்டாக உடையும். 3 மணிக்கு விழிப்புத் தட்டும். பனியன் நனைந்திருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். காரணம் புரியாத ஒரு பயம், அதன் பின்னாலேயே நேற்றுப் பேசியது, கடன், மகனின் ஸ்கூல் ஃபீஸ் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வரும். எந்தப் பதற்றத்துக்காகக் குடித்தாரோ அதே பதற்றம் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. அதை அடக்க அவருக்குத் தெரிந்த மருந்தோ ஒன்றே ஒன்றுதான்.

சில மாதம் இப்படியே ஓடினால் மூளை சும்மா இருக்காது. நரம்புகளை அடக்குகிற காபா என்ற ரசாயனத்தின் வேலையைச் சாராயம் கூட்டுகிறது, கிளப்பிவிடுகிற குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தினமும் வெளியிலிருந்து அடக்கம் வந்துகொண்டிருந்தால், மூளை தன் பங்குக்குக் கிளர்ச்சியைக் கூட்டிச் சமன்செய்து கொள்கிறது. பிறகு சாராயம் இல்லாத நேரத்தில் அந்தக் கிளர்ச்சி மட்டும்தான் மிஞ்சும். காலையில் ஸ்பேனரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. டாஸ்மாக் திறப்பதோ பகல் 12 மணிக்கு. அதுவரை தாங்காமல் சந்துக்கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். இந்தக் கட்டத்தில் அவரைப் பார்க்கிற ஒருவர், இது பதற்ற நோயா, குடி இறங்குவதால் வரும் நடுக்கமா என்று ஒரே பார்வையில் சொல்ல முடியுமா? இரண்டும் ஒரே உடம்பில், ஒரே காலையில், ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான வேர். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையிலிருந்து வருவதாகச் சொல்கின்றன. மனச்சோர்வுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் பரம்பரைப் பங்கு உண்டு. சின்ன வயதில் அடி, அவமானம், பாலியல் தொல்லை, குடிகார அப்பாவுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த ராத்திரிகள்: இவை பிற்காலத்தில் மனநோய்க்கும் வழி வைக்கும், போதைக்கும் வழி வைக்கும். அப்படிப்பட்டவரிடம் எது முதலில் என்று கேட்பதே வீண்.

இது ஏதோ நூற்றில் ஒருவர் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1980களில் அமெரிக்காவில் இருபதாயிரம் பேரை நேரில் பார்த்துக் கேட்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 1990இல் அதன் முடிவு வெளியானது. குடிநோய் வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநோயும் இருந்திருக்கிறது. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களை எடுத்துக்கொண்டால் 47 சதவீதம் பேருக்குக் குடியோ வேறு போதையோ கூடவே இருந்தது. நம் பக்கம், டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி நாட்டில் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அவர்களில் 5.7 கோடிப் பேரின் குடி உதவி தேவைப்படுகிற அளவுக்குப் போயிருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் வீட்டில், வழக்கு விசாரணையில்.

சரி, மருத்துவர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்? இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அவருக்குத் தேவைப்படுவது காலவரிசை. எந்த வயதில் முதல் குடி, எப்போது தினசரிக் குடி, முதன்முதலில் மனசு இறங்கியது எப்போது, எல்லாவற்றுக்கும் மேலாக, குடிக்காமல் இருந்த காலம் எது, அப்போது ஆள் எப்படி இருந்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் ஊரில் ஒரு அருமையான பதில் உண்டு. வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் பலர் அந்த 48 நாளும் ஒரு சொட்டுத் தொட மாட்டார்கள். மனைவியிடம், "மாலை போட்டிருக்கும்போது எப்படி இருப்பாரும்மா?" என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். "அப்ப தங்கமான மனுஷன் சார், காலையில எழுந்து குளிச்சு, பிள்ளைங்களோட பேசிக்கிட்டு" என்றால் ஒரு அர்த்தம். "குடிக்க மாட்டார், ஆனா அப்பவும் ராத்திரி தூங்க மாட்டார், மோட்டுவளையையே பார்த்துக்கிட்டு இருப்பார்" என்றால் முற்றிலும் வேறு அர்த்தம். சவுதியில் இருந்த இரண்டு வருஷம், கால் உடைந்து படுக்கையில் இருந்த மூன்று மாதம், இவையும் இதே மாதிரி பயன்படும். இந்தத் தேதிகள் மனைவி, அம்மா, அக்கா இவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கும், நோயாளி ஞாபகத்தில் இருக்காது. அதனால்தான் நல்ல மருத்துவர் வீட்டாரைத் தனியே உட்காரவைத்துக் கேட்கிறார்.

மாலை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் பக்தி வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் அது ஆபத்து. நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சல், திக்குத் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிவது, இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் வரும். இதைப் பார்த்துவிட்டு, "காத்து கருப்பு அடிச்சிருச்சு", "சாமி குத்தம்" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இன்னும் சிலர், மனநோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. இது குடி நின்றதால் வந்த மருத்துவ அவசரம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும், கவனித்தால் சில நாளில் தெளிந்துவிடும். ஆஸ்பத்திரியில் குளோர்டயாசிபாக்சைடு, லோரசிபாம் மாதிரி மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள், பி1 வைட்டமினை ஊசியாக ஏற்றுவார்கள். அந்த வைட்டமின் விஷயம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் அது குறைந்து போனால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

நடுக்கம் எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சுகிற சோகம் எந்தச் சோகம்? இதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. மார்க் ஷக்கிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர் சான்ட்ரா பிரவுனும் குடிச் சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண்களை வாரா வாரம் அளந்து பார்த்தார்கள். 1988இல் அதை எழுதினார்கள். சேரும்போது 42 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. மனச்சோர்வு மருந்து எதுவும் இல்லாமல், குடியை மட்டும் நிறுத்தி நான்கு வாரம் ஆனபோது அந்த அளவில் இருந்தவர்கள் 6 சதவீதம். மனைவி கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குடி உண்டாக்கிய சோர்வு, குடி போனால் போய்விடுகிறது, பெரும்பாலானவர்களுக்கு.

ஆனால் அந்த 6 சதவீதத்தை விட்டுவிடாதீர்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் சோர்வு போகாதவருக்கு அது தனி நோய், தனி வைத்தியம். இன்னொன்று, நான்கு வாரம் காத்திருப்பது எல்லாருக்கும் பொருந்தாது. சாவைப் பற்றிப் பேசுகிறார், குடிக்காத காலத்திலும் இப்படி இறங்கியிருக்கிறார், குடும்பத்தில் தற்கொலை நடந்திருக்கிறது, காதில் குரல் கேட்கிறது, பத்து நாளாகத் தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிகிறார்: இவர்களை நாள் எண்ணிக் காக்க வைக்கக் கூடாது. முதல் நாளே மனநோய்க்கும் மருந்து தொடங்கும்.

நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது காத்திருப்புகூட இல்லை, அலைச்சல். மனநலப் பிரிவுக்குப் போனால், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, குடிக்கிறவருக்கு மாத்திரை எழுதிப் பிரயோஜனம் இல்லை" என்பார்கள். மறுவாழ்வு மையத்துக்குப் போனால், "இவருக்கு மென்டல் பிராப்ளம் இருக்கு, அதைச் சரிபண்ணிட்டு வாங்க, நாங்க வெறும் குடிக்குத்தான்" என்பார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் பஸ் காசு செலவழித்துக்கொண்டு ஒரு மனைவி. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவரிடம், சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வா, பிரஷரை அப்புறம் பார்க்கலாம் என்று எந்த டாக்டராவது சொல்வாரா?

இந்த அலைச்சலைப் பார்த்துத்தான் 1980களின் கடைசியில் அமெரிக்காவில் கென்னத் மின்காஃப், ராபர்ட் டிரேக் போன்ற மருத்துவர்கள், இரண்டு நோயையும் ஒரே குழு, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்கள். டிரேக் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதைச் செய்தே காட்டினார். அதில் எனக்குப் பிடித்த அம்சம், அவசரம் இல்லாதது. முதல் நாளே "இனி தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவது கிடையாது. குடிக்கிற ஆளாகவே வரட்டும், மனநோய் மாத்திரையைத் தொடரட்டும், தங்க ஒரு இடம், செய்ய ஒரு வேலை கிடைக்கட்டும், பேசப் பேச அவரே குறைக்க ஆரம்பிப்பார் என்று மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கூடவே நிற்பது. சத்தியத்தை மீறினால் வெளியே போ என்கிற மையங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பக் குடிப்பதே நோயின் அறிகுறி என்றால், அறிகுறி காட்டியதற்காக நோயாளியை வெளியே அனுப்புவது என்ன வைத்தியம்?

சட்டம்கூட நமக்கு முன்னாலேயே இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் காரணமான மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அதே சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடுவதைத் தடைசெய்கிறது. உடல்நோய்க்கு இன்சூரன்ஸ் கொடுப்பதுபோல மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. குடியை மறக்க வைக்கிறேன் என்று பூட்டி வைத்து அடிக்கிற இடங்கள் இன்னும் நடக்கின்றன. அப்படி ஒரு இடத்தில் சேர்க்கும் முன், மனநல மருத்துவர் யார், அவர் எந்தெந்த நாள் வருவார், பதிவுச் சான்று எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பிவிடுங்கள்.

குடும்பங்களை நிலைகுலைய வைக்கிற ஒரு கட்டத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குடி நின்றுவிடுகிறது. வீடே கோயிலுக்குப் போய் வருகிறது. இரண்டு மாதம் கழித்து ஆள் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பிக்கிறார். வேலைக்குப் போவதில்லை. தாடி வளர்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் "வேணாம்" என்று ஒரு சொல். முன்பு குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டாலும், காலையில் வேலைக்காவது போனார். மனைவியின் வாயிலிருந்து, சொல்லக் கூடாது என்று நினைத்தாலும் வந்துவிடும்: "இதுக்கு அவர் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை வருஷம் குடி மூடி வைத்திருந்த மனச்சோர்வு இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அதற்குச் சூட்டுகிற பெயர் சோம்பேறித்தனம். "குடியைத்தான் விட்டாச்சே, இன்னும் என்ன?" என்ற கேள்வி ஒரு நாளைக்கு நாலு தடவை விழுகிறது. திரும்பக் கடைக்குப் போவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குடியை விட்ட மூன்றாவது மாதத்தில் மருத்துவரைப் பார்ப்பது, விட்ட முதல் வாரத்தில் பார்ப்பதைவிடச் சில சமயம் முக்கியம். நன்றாக இருக்கிறாரே என்று அந்த அப்பாயின்ட்மென்டைத்தான் ரத்துசெய்கிறார்கள்.

இருமுனைக் கோளாறில் கதை வேறு மாதிரி. இரண்டு வாரம் தூக்கமே வேண்டாம், கையில் பணம் நிற்காது, கடன் வாங்கி நண்பர்களுக்கெல்லாம் பார்ட்டி. குடி அந்த உற்சாகத்தின் ஒரு பகுதி. ஊர் பார்ப்பது குடியை மட்டும், உற்சாகத்தை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. கஞ்சாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: சுவீடனில் ராணுவத்துக்குச் சேர்ந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா வரும் வாய்ப்பு, அடிக்காதவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. "மூலிகைதானே" என்கிற பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்; வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று அடுத்துக் கேட்டால் சிரிப்பு கொஞ்சம் குறையும். பெண்கள் விஷயத்தில் பாட்டிலைத் தேடினால் கிடைக்காது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாங்கிச் சாப்பிட்ட தூக்க மாத்திரை, தலைவலி மாத்திரை என்று அது வேறு வடிவத்தில் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும், கேட்பவர்கள் குறைவு.

இனி மாத்திரை. "குடியை விடச் சொல்லிட்டு மாத்திரைக்கு அடிமையாக்குறாங்களே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. பாதி நியாயம். அல்பிரசோலம் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகள் பழக்கமாகும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். குறைந்த நாளைக்கு, கண்காணிப்போடு மட்டும். மனச்சோர்வு மருந்துகள் அப்படி இல்லை. அவை போதை தருவதில்லை, வேலை செய்யவே சில வாரம் எடுக்கும். ஆனாலும் அவற்றையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில குடிமீட்புக் கூட்டங்களில் மூத்தவர் ஒருவர், "மாத்திரையும் போதைதான், அதையும் விடு" என்று தோளில் கை போட்டுச் சொல்லிவிடுவார். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வெளியீடே, உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. அந்தக் கூட்டங்கள் நல்லவை. அந்தத் தோள் கை மட்டும் வேண்டாம்.

குடித்துவிட்டு வந்த அன்று ராத்திரி மனநோய் மாத்திரையைக் கொடுக்கலாமா? பல வீட்டில் மனைவி பயந்து கொடுப்பதில்லை. வாரத்தில் நாலு நாள் குடித்தால் நாலு நாள் மருந்து இல்லை. மாதக் கடைசியில் குரல் திரும்பக் கேட்கிறது. எந்த மாத்திரையை அன்று விட வேண்டும், எதை விடவே கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் குடித்து, வாந்தியெடுத்து, உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்தே விஷமாகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளோசபின் சாப்பிடுகிறவர் பீடி சிகரெட்டைக் குறைத்தாலோ கூட்டினாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். புகையை விட்டால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் ஏறிவிடும்.

குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிற பொடியும் மாத்திரையும் தனி அத்தியாயம். டைசல்ஃபிரம் என்ற மருந்தைக் குழம்பில் கலந்து போடுகிற வீடுகள் இருக்கின்றன. 1940களின் கடைசியில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் குடிக்கு எதிராகப் பயன்படும் என்று கண்டுகொண்ட மருந்து அது. நோயாளி தெரிந்து, சம்மதித்து, குடிக்கவே மாட்டேன் என்று எடுத்தால் நல்ல காவல். தெரியாமல் கொடுத்தால், சாராயம் உள்ளே போனதும் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி, நெஞ்சே நின்றுவிடலாம். மனநோயும் இருப்பவருக்கு இன்னொரு கேடு. சந்தேக நோயில் வருகிற முதல் எண்ணங்களில் ஒன்று, "சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்பது. அது பிரமை என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் உண்மையாகவே கலந்துகொண்டிருந்தால்? அந்த மருந்து சிலருக்கு மனக்குழப்பத்தையும் கிளப்பும். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஒளித்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தற்கொலை பற்றி மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மனச்சோர்வு சாவை நினைக்க வைக்கும், குடி தயக்கத்தைக் கழற்றிவிடும். இரண்டும் சேர்ந்த ராத்திரிகள்தான் மோசமானவை. "செத்துப் போறேன்" என்று போதையில் சொன்னதைப் போதைப் பேச்சு என்று தள்ளாதீர்கள், காலையில் தெளிந்தபின், "நேத்து அப்படிச் சொன்னியே, நெஜமாவே தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் இருக்கிறது.

"எல்லாம் சரி, அவர் வந்தால்தானே?" என்று கேட்பீர்கள். அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போகலாம். பலருக்கு இது தெரியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போய் உட்கார்ந்து காலவரிசையைச் சொல்லுங்கள், எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுப்பதன் மூலமே வர மறுக்கிறவரைச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முறை ஒன்றை ராபர்ட் மேயர்ஸ் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கியிருக்கிறார். சண்டை போட்டு, மிரட்டி அழைத்து வருவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. சாயங்காலம் பேச்செடுக்காதீர்கள். காலையில், நடுக்கம் கொஞ்சம் அடங்கியபின், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பேசுங்கள். குடியைப் பற்றி ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும், மனசு சரியில்லை என்று ஆரம்பித்தால் "என்னைப் பைத்தியம்னு சொல்றியா" என்று வரும். தூக்கத்தில் ஆரம்பியுங்கள். "மூணு மணிக்கே எழுந்து உட்கார்ந்துடுறீங்களே, தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்றால் வர மாட்டேன் என்கிற ஆண்பிள்ளை குறைவு. மீதியை அவர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு டாக்டர் கேட்டுக்கொள்வார்.